ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை

ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களைப் போடியிலிருந்து மலைக்கு ஏற்றிச் செல்கிற ஜீப்பு லிங்கேஸ்வரனுடையது. மலைப்பாதையின் மெட்டு வளைவுகளை அவன் ஒடித்துத் திருப்பும்போது மடியில் வைத்த தூக்குவாளி ஆடாது என்று பெண்கள் சொல்வார்கள். தகப்பனான பிறகு அவனுக்கு இன்னொரு சோலி சேர்ந்தது. ஞாயிறுதோறும் பக்கத்து ஊரான தேவாரத்துக்குப் போய், மாமியார் வீட்டில் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருப்பது.

தலைப்பிரசவம் என்பதால் அவன் மனைவி பானுப்பிரியா பச்சைப்பிள்ளையோடு அங்கேதான் இருந்தாள். அவன் போய் இறங்கினால் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். அடுப்பில் கோழிக்குழம்பு கொதிக்கும். பானு தலைவாரிப் பூ வைத்து, பவுடர் பூசி, கட்டிலில் சிரித்தபடி இருப்பாள். பிள்ளையைச் சற்று நேரம் அவன் மடியில் கிடத்துவார்கள். அது முகம் சுளித்ததுமே, "மாப்ளே, வெள்ளைச் சட்டை வீணாப்போகும்" என்று மாமியார் சுருளியம்மாள் வாங்கிக்கொள்வாள். அவனும் வயிறு நிறைந்து, மனசும் நிறைந்து ஊர் திரும்புவான்.

ஒரு மழைக்கு மலைப்பாதையில் பாறை சரிந்தது. ஜீப்பு போகவில்லை. சும்மா கிடப்பானேன் என்று பிள்ளைக்கு ஒரு கொசுவலை வாங்கிக்கொண்டு, போன்கூடப் பண்ணாமல் பைக்கில் தேவாரத்துக்கு விட்டான். கிழமை செவ்வாய்.

வாசலிலேயே பிள்ளையின் அழுகை கேட்டது. உள்ளே தொட்டில் துள்ளிக்கொண்டிருந்தது. அதற்கு எதிர்ச் சுவரில் சாய்ந்து, சிக்குப் பிடித்த தலையோடு, கசங்கிய நைட்டியில் பானு உட்கார்ந்திருந்தாள். கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்து அழுத்தியிருந்தாள்.

"பானு, பிள்ளை அழுகுதுல்ல?"

"கேக்குது. நான் தூக்க மாட்டேன். தூக்குனா கீழ போட்டுருவேன்."

கொல்லையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்த சுருளியம்மாள் அவனைப் பார்த்ததும் பேயறைந்தவள்போல நின்றாள். "சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறீகளே மாப்ளே" என்று முதலில் கோபப்பட்டாள். அப்புறம் அழுதாள். பிள்ளை பிறந்த வாரத்திலிருந்தே பானு இப்படித்தானாம். பால் கொடுக்கக்கூட அம்மாதான் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். ராத்திரி தூக்கமில்லை. மிளகாய் சுற்றிப் போட்டும் பார்த்தாயிற்று. ஊசி போட வந்த நர்சம்மா, இது பேறுகாலத்துக்குப் பின்னால் சிலருக்கு வருகிற மனநோவு, ஆஸ்பத்திரியில் மனநலக் கவுன்சிலரைப் பாருங்கள் என்று சொல்லியும் இவள் கேட்கவில்லை. "உங்க வீட்ல தெரிஞ்சா புத்தி சரியில்லாத பிள்ளையத் தலையில கட்டிட்டாகன்னு சொல்ல மாட்டாகளா?"

ஞாயிறுதோறும் தான் தின்ற கோழியெல்லாம் எதற்கென்று லிங்கேஸ்வரனுக்கு அப்போதுதான் விளங்கியது.

நர்சம்மா சொன்ன ஆஸ்பத்திரிக்கு மறுநாளே போனார்கள். கவுன்சிலர் அருள்மொழி சின்ன வயசுப் பெண். பானுவிடம் அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் சுருளியம்மாளே பதில் சொன்னாள். தூங்குறீங்களா? "தூங்குறாம்மா." சாப்பிடுறீங்களா? "நல்லாச் சாப்புடுவா." அருள்மொழி சிரித்துக்கொண்டே, "பெரியம்மா, கொஞ்சம் வெளிய காத்தாட இருங்க" என்றாள். கதவு சாத்தியபிறகு பானு வெகுநேரம் பேசினாள். பேசியதைவிட அழுதது அதிகம்.

பிறகு அருள்மொழி லிங்கேஸ்வரனை உள்ளே கூப்பிட்டாள்.

"நீங்க என்ன செய்றீங்க?"

"ஜீப்பு ஓட்டுறேங்க."

"அது சரி. பிள்ளை இருக்கிற வீட்ல?"

அவன் யோசித்தான். "அங்க மாப்ளையா இருக்கேங்க."

பானு குனிந்தபடியே களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு மாதக்கணக்கான மாதிரி இருந்தது அவனுக்கு.

தாய்ப்பாலுக்குப் பாதகமில்லாத மாத்திரை ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்தார். வாரந்தோறும் வந்து பேச வேண்டும் என்றாள் அருள்மொழி. எல்லாவற்றுக்கும் மேலே, பானு தூங்க வேண்டும். பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும். அன்று சாயங்காலமே லிங்கேஸ்வரன் நாலு சட்டையும் கைலியும் எடுத்துக்கொண்டு தேவாரத்துக்குக் குடிவந்தான்.

சுருளியம்மாளுக்கு அது பெரிய சோதனையாகிப்போனது. முன்னிரவில் மாப்பிள்ளை பிள்ளையைத் தோளில் போட்டு நடப்பான். பின்னிரவு அவளுடைய முறை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பீத்துணியை அலசி அவன் வாசல் கொடியில் காயப்போட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவன் தலை மறைந்ததும் எடுத்துக் கொல்லையில் மாற்றிப் போடுவாள். எதிர்வீட்டுக்காரி விடுவாளா? "வீட்டோட மாப்ளை பாத்துருக்கேன், வண்ணார வேலை பாக்குற மாப்ளைய இப்பத்தான் பாக்குறேன்" என்றாள்.

மலைப்பாதை திறந்ததும் ஜீப்பிலும் அதே கதை. முன்சீட்டில் உட்கார்ந்த வீரலட்சுமி மூக்கை உறிஞ்சினாள். "ஏ, நம்ம ஜீப்புல ஏலக்கா வாசம் போயி வசம்பு வாசம்ல அடிக்குது!"

"பால் எப்ப அண்ணே குடுக்கப்போறீக?" என்றது பின்சீட்டு.

"அதுக்கு மட்டும் லைசென்ஸ் தரமாட்டேங்கிறாக" என்றான் அவன். அடுத்த வளைவுவரை சிரிப்பு அடங்கவில்லை.

பானு ஒரே நாளில் தேறிவிடவில்லை. நன்றாக இருந்த நாளுக்கு மறுநாளே சுவரோடு சாய்ந்துகொண்டாள். ஆனால் தூங்கினாள். தானாகத் தலை வாரினாள். பிள்ளை அவன் மடியில் கிடக்கும்போது அதன் பாதத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். அதைத் தூக்க மட்டும் இன்னும் கை வரவில்லை.

ஒரு ஞாயிறு காலை சுருளியம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பிள்ளையைத் தானே குளிப்பாட்டுவதென்று லிங்கேஸ்வரன் துணிந்துவிட்டான். கொல்லையில் மணைபோட்டுக் காலை நீட்டி, எண்ணெய் தேய்த்த பிள்ளையைக் கிடத்தி, சோப்பும் போட்டுவிட்டான். பிள்ளை விலாங்குபோல வழுக்கியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறுகையால் செம்பைத் தேடினான், எட்டவில்லை. பிள்ளை வீறிட்டது.

பானு நிலைப்படியில் நின்று பார்த்தாள்.

"ஜீப்பா கழுவுறீக? எந்திரிங்க! கொண்டாங்க பிள்ளைய!"

அவன் நீட்டினான். நுரையும் எண்ணெயுமாக இருந்த பிள்ளையை அவள் வாங்கி, காலை நீட்டி உட்கார்ந்து, குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்தாள். பிடி நழுவவில்லை. "தண்ணி ஊத்துங்க... மெதுவா... மூஞ்சில ஊத்தாதீக!" திருப்பிப் போட்டதும் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது. பானுவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

அரிசிப் பையோடு திரும்பிய சுருளியம்மாள் கொல்லை வாசலில் அப்படியே நின்றாள். மகளையும் பிள்ளையையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓரமாகக் கிடந்த துணிவாளியை லிங்கேஸ்வரன் பக்கம் காலால் தள்ளினாள்.

"அப்பு, இன்னிக்குக் கோழியெல்லாம் கிடையாது, ரசந்தான். இதை வெரசா அலசி வாசக்கொடியில போடு, அங்கதான் வெயிலு."