நான் வாசிக்காத கச்சேரி

போன ஞாயிறு எங்கள் ஊரான மன்னார் தாழ்வுபாட்டில், தேவாலயத்தில், என் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. நான் வாசிக்கவில்லை!

கொழும்பில் எங்கள் சிம்பொனி குழுவில் வயலின்காரர்களே ஒரு பட்டாளம். நான் கடைசி வரிசை. மன்னாரில் கச்சேரி என்றதுமே அப்பாவுக்கு போன் போட்டேன். அவர் கடற்கரை முழுக்கச் சொல்லிவிட்டார்.

பிறகுதான் கண்டக்டர் குண்டைத் தூக்கிப் போட்டார். (பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவரல்ல, குச்சி ஆட்டுபவர்.) வாசிக்கப்போவது பரோக் இசை. சின்னக் குழுவுக்காக முந்நூறு வருஷத்துக்கு முன் எழுதியது.

"எங்கட முழுப்படையும் வாசிச்சால் சத்தம்தான் மிஞ்சும். பாதிப்பேர் விலகி இருங்கோ. மிச்ச ஆக்கள் தந்தியில விரலை நடுக்கிச் சுரத்தை அசைக்காதேங்கோ, வில்லை இழுத்து நீட்டாதேங்கோ."

அந்தக் காலத்தில் குச்சி ஆட்டும் வழக்கமும் இல்லையாம். ஆகவே அவரும் கீபோர்டின் முன் உட்கார்ந்து, வாசித்தபடியே நடத்துவாராம்.

சரி, விலகும் பாதியில் நானும் உண்டா? கேட்கவும் வேண்டுமா...

"நீங்கள் எனக்குப் பக்கத்தில நிண்டு என்ர நோட்ஸ் பேப்பர் திருப்புங்கோ."

இத்தனை வருஷம் பழகியது பேப்பர் திருப்பவா? அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. ஒத்திகையில் ஆள் குறைந்ததும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக, தெளிவாகக் கேட்டது. மனிதர் சொன்னது சரி! அதுதான் இன்னும் எரிச்சல். இசைக்காக ஒதுங்கு என்றால் ஒதுங்கலாம். அதைச் சொந்த ஊரில், அப்பாவின் கண் முன்னாலா செய்ய வேண்டும்?

அப்பா முன்வரிசையில் இருந்தார், பெருநாள் சட்டையோடு. பின்னால் அவரோடு கரைவலை இழுக்கும் ஆட்கள் அத்தனை பேரும்.

ஜன்னல்கள் திறந்து கிடந்தன. கடல்காற்று பேப்பரைப் பிடுங்கியது. ஒரு கையால் அழுத்திப் பிடித்து, கண்டக்டர் தலையசைக்கும்போது மறுகையால் திருப்ப வேண்டும். ஒன்று பறந்தாலும் கச்சேரியே நின்றுவிடும். அப்பாவை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. துணிவும் இல்லை.

முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

"பிள்ளை, நீதான் இவையளுக்குப் பெரியாள் எண்டு ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"ஐயோ அப்பா, நான் பேப்பர்தான்..."

"சும்மா இரு. எல்லாரும் கதிரையில இருந்து வேலை செய்யினம். நீ ஒருத்திதான் நிண்டு பாத்துக்கொண்டிருந்தனீ."

அப்போதுதான் விளங்கியது. கரைவலையில் எல்லாரும் இழுப்பார்கள். ஒருவர் மட்டும் இழுக்காமல், கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தான் வலைக்குச் சொந்தக்காரர், சம்மாட்டி!

பின்னால் நின்ற ஆட்களும் ஓம், ஓம் என்று தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த பாரமும் இறங்கியது. இருந்தாலும் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன்... யார் கேட்டார்கள்? அதற்குள் அப்பா கண்டக்டரின் தோளில் தட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீங்களும் நல்லா வாசிச்சனீங்கள். பிள்ளை சொல்லுறதைக் கேட்டு நடவுங்கோ, முன்னுக்கு வரலாம்."

பாதிப்பேரை ஓரங்கட்டிய அந்த மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழும்பி நின்று, மிகப் பணிவாகச் சொன்னார் — "ஓம் ஐயா."