ஒன்பதாம் நாள் ஆட்டம்

அணில் கடித்த ஒயரின் முனை பிசிறு பிசிறாக இருக்கும். லாரி இழுத்து அறுந்தது வேறு மாதிரி, ரப்பர் இழுபட்டு மெலிந்து போயிருக்கும். கத்தி போட்டு அறுத்ததோ வெண்டைக்காயை நறுக்கினது போல வட்டமாக, சுத்தமாக இருக்கும். மதுரையில் இருபது வருஷத்துக்கு மேல் வீடு வீடாகக் கேபிள் இழுத்தவன் நான். ஒயரின் முனையைப் பார்த்தாலே என்ன நடந்தது என்று சொல்லிவிடுவேன். டீச்சர் வீட்டு காம்பவுண்டுச் சுவரில் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொங்கிக்கொண்டிருந்தது வெண்டைக்காய் ரகம்.

டீச்சரின் வீட்டுக்காரர் இறந்து அன்றைக்கு ஒன்பதாம் நாள். அவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். பாங்கு வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஒன்பதாம் நாளான அந்த ஞாயிறு மதியம் டீச்சர் எனக்குப் போன் செய்தார். "தம்பி, லைன் வரல. அஞ்சரைக்கு ஆட்டம் இருக்கு. அதுக்குள்ள வந்துரு." பழக்க தோஷத்தில் "வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எங்கள் பக்கம் துக்க வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை டிவி ஓடாது. பெட்டியின் மேல் ஒரு துண்டு கிடக்கும். சாவு விழுந்த வீடு என்றால் நாங்களே போய் லைனைக் கழற்றிவிட்டு வருவதும் உண்டு, ஒரு மரியாதைக்கு.

டீச்சர் பசுமலைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்தார். தெருவில் அவருக்குப் பெயர் பந்து டீச்சர். எங்கள் தெருவில் எல்லோருக்கும் கிரிக்கெட் வேண்டும், சீரியல் வேண்டும். புட்பால் கேட்ட ஒரே வீடு அவர் வீடு. ஒருமுறை இடமில்லை என்று அந்தச் சேனலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் ஸ்கூட்டியில் என் கடை வாசலுக்கே வந்துவிட்டார். "ஒருத்திதானேன்னு எடுத்துட்டியாக்கும்? ஒருத்திக்கும் ஒரு ஓட்டு உண்டுப்பா" என்றார். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்குப் படிப்பு என்பது நாலு பேர் பேசினதைக் காதில் வாங்கி, மறக்காமல் ஒரு பழைய டைரியில் எழுதி வைப்பது. அந்த வாக்கியத்தை அன்றைக்கே எழுதினேன், சேனலையும் திரும்பப் போட்டேன்.

சாருக்குப் பந்தாட்டம் சுத்தமாகப் புரியாது. ஆனால் டீச்சர் ஆட்டம் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டு, வேண்டுமென்றே எதிர் அணிக்குக் கை தட்டுவார். செட்டாப் பாக்ஸ் மாற்றப் போன ஒருநாள், ஏன் சார் இப்படி என்று கேட்டேன். "ரெண்டு பேரும் ஒரே பக்கம் கத்துனா நான் யார்கிட்டப்பா சண்டை போடுறது?" என்றார். டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் கையிலிருந்த கடலையை எடுத்துக்கொண்டார்.

டீச்சர் மைதானத்துக்கும் போவார். ரேஸ் கோர்ஸ் ஸ்டேடியத்தில் மாவட்ட ஆட்டம் என்றால், நாலரை மணி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பார். சுற்றி அத்தனையும் ஆம்பளைகள். ஒருமுறை பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். "டீச்சர், வீட்டுல சோறு ஆக்கலையா?" டீச்சர் குடையைச் சாய்த்து அவனைப் பார்த்தார். "ஆக்கி மூடி வெச்சுட்டுத்தான் வந்தேன் மாப்ள. பசிச்சா நீ போய்ச் சாப்பிடு, எனக்கு நிக்க எடமாவது கெடைக்கும்." அந்தப் பக்கமே சிரித்தது, அவனும் சிரித்தான். லைன்ஸ்மேனை அவர் திட்டுகிற திட்டு தனி. பள்ளிக்கூடத்துத் தமிழில், வாங்க போங்க போட்டே திட்டுவார். "ஐயா, கொடி உங்க கையிலதான் இருக்கு, தூங்காம தூக்குங்க!"

அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில்தான் அன்று அறுத்த ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வாசலில் நாற்காலி போட்டு சாரின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தெருவில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு, கேபிள் இழுப்பதில் வரும் எங்கள் கம்பத் தகராறுகளையெல்லாம் தீர்த்து வைத்தவர். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நல்ல நேரத்துல வந்தப்பா. ஒயர நானே அறுத்துட்டேன். அந்தப் பெட்டியையும் கழட்டி எடுத்துட்டுப் போ. காரியம் முடிஞ்சதும் கொண்டா."

உள்ளேயிருந்து டீச்சர் வந்தார். ஒன்பது நாளில் ஆள் பாதியாகியிருந்தார். "கழட்டவா கூப்பிட்டேன்? மாட்டத்தான் கூப்பிட்டேன்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் நான் பெரியவர் பக்கம்தான் இருந்தேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் போய் ஒன்பது நாள்கூட முழுசாக ஆகவில்லை, பந்து ஒரு கேடா என்றுதான் எனக்கும் தோன்றியது. "நாளைக்கு வாரேன் டீச்சர்" என்று மெதுவாக நழுவப் பார்த்தேன். "நாளைக்கு ஆட்டம் இல்ல" என்றார்.

பெரியவர் எழுந்துவிட்டார். "என்னம்மா நீயி? ஊரு சிரிக்கும்மா. எழவு வீட்டுல டிவி போட்டா நாலு பேரு என்ன பேசுவாக?"

"மூணாம் நாள் சாயங்காலம் முக்கு டீக்கடையில நின்னு கிரிக்கெட் பாத்தீங்களே பெரியத்தான். அன்னைக்கு எந்த நாலு பேரு பேசுனாக?"

அன்று யாரும் ஒன்றும் பேசவில்லைதான். எனக்குத் தெரியும், அன்று அவர் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்தான். டீ மாஸ்டர் அவருக்கு ஸ்டூல்கூட எடுத்துப் போட்டார்.

"அது போன எடத்துல ஓடுச்சு, பாத்தேன். ஆம்பள நாலு எடம் போவான்."

"எனக்குப் போக எடமில்ல. அதான் வீட்டுலயே ஓடட்டுங்கிறேன்."

துக்கம் கேட்க வந்திருந்த பெண்கள் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். டீச்சர் அவர்களையும் பார்த்தார், பெரியவரையும் பார்த்தார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "ஒம்பது நாளா வாரவங்க அம்புட்டு பேரும் 'எப்படிம்மா ஆச்சு, எப்படிம்மா ஆச்சு'ன்னு கேக்குறாங்க. சட்டை மாட்டுனாரு, உக்காந்தாருன்னு ஒவ்வொரு தடவையும் நான் மொதல்ல இருந்து சொல்றேன். சொல்லச் சொல்ல நானே அவரத் திரும்பத் திரும்பச் சாகடிக்கிறேன். தொண்ணூறு நிமிஷம், தொண்ணூறே நிமிஷம், அவரு சாகாம இருந்துட்டுப் போகட்டும்."

நான் பையிலிருந்து கட்டரை எடுத்தேன். "ஒயர்ல கை வெச்சே, இந்தத் தெருக் கம்பத்துல உன் கேபிள் ஒண்ணு இருக்காது பாத்துக்க" என்றார் பெரியவர். இரண்டு முனையையும் சீவி, கனெக்டர் போட்டு முறுக்கினேன். இருபது வருஷத்தில் நான் போட்ட ஆயிரக்கணக்கான முடிச்சில் அதற்குத்தான் அவ்வளவு நேரம் பிடித்தது. உள்ளே போய்ப் பெட்டியின் மேல் கிடந்த துண்டை எடுத்து மடித்து டீச்சரிடம் கொடுத்தேன். படம் வந்தபோது ஆட்டம் தொடங்கி ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. சென்னை அணிக்கு அரையிறுதி.

சாரின் நாற்காலி காலியாகத்தான் கிடந்தது, டீச்சர் யாரையும் அதில் உட்காரச் சொல்லவில்லை. நடுவில் இரண்டு பேர் துக்கம் கேட்க வந்து படியேறினார்கள். டீச்சர் பாயைக் காட்டி, "உக்காருங்க, ஆட்டம் முடிஞ்சதும் சொல்றேன்" என்றார். அவர்கள் முகத்தில் ஈயாடவில்லை, ஆனால் உட்கார்ந்தார்கள். இரண்டாம் பாதியில் நம் ஆள் ஒருவன் காலியான கோலுக்கு முன்னால் நின்று பந்தை வானத்துக்கு அடித்தான். "டேய், கண்ணு எங்கடா இருக்கு!" என்று டீச்சர் போட்ட சத்தம் தெரு முனைவரை கேட்டிருக்கும். பாயில் இருந்த பெண்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். வாசலில் பெரியவர் தன் துண்டை உதறித் தோளில் போட்டார். "பதினாறுக்கு இந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

டீச்சர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "வரணும் பெரியத்தான். காரியம் உங்க தம்பிக்கு, எனக்கில்ல."

ஆட்டத்தில் தோற்றோம். டீச்சர் டிவியை அணைத்துவிட்டு, பாயில் இருந்தவர்கள் பக்கம் திரும்பி, "காலையில குளிச்சிட்டு வந்தாரு" என்று ஆரம்பித்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

பதினாறாம் நாளுக்குப் பெரியவர் வந்தார், கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. தெருவில் பதினோரு வீட்டுக்காரர்கள் என் லைன் வேண்டாம் என்றார்கள். சில வீடுகள் திரும்பி வந்தன, சில வரவில்லை. இரண்டு மாதம் கழித்து ரேஸ் கோர்ஸில் மாவட்ட இறுதி ஆட்டம். வருஷம் திரும்பாமல் வெளியே தலைகாட்டக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்லியும் டீச்சர் வந்தார், அதே கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றார். முன்பு சோற்றைப் பற்றிக் கேட்டவன்தான் இடம் விட்டு ஒதுங்கினான். டீச்சர் இன்று ரிட்டயர் ஆகிவிட்டார், முழங்கால் வலி வேறு, ஆனாலும் வந்துவிடுகிறார்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வருஷம் என் அப்பா இறந்தார். ஐந்தாம் நாள் சாயங்காலம் கால் தன்பாட்டில் டீக்கடைக்குப் போனது. அங்கே ஏதோ புட்பால் ஓடிக்கொண்டிருந்தது. டீ மாஸ்டர் என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். "உக்காருங்கண்ணே, கொஞ்சம் மனசு ஆறட்டும்." நானும் உட்கார்ந்தேன். முதல் பாதி முழுக்கப் பார்த்தேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடைவேளை வந்தபோதுதான் வீட்டு மூலையில் ஐந்து நாளாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அம்மாவின் ஞாபகம் வந்தது. லைனைக் கழற்றியது வேறு யாருமில்லை, நான்தான். அப்பா செத்த அன்றைக்கே, ஒரு மரியாதைக்கு, என் கையாலேயே கழற்றியிருந்தேன்.

டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். வாசலில் சித்தப்பாவும் இன்னும் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரிடமும் கேட்கவில்லை. நேராக உள்ளே போய் ஒயரை மாட்டினேன். அம்மா பதறினாள். "என்னய்யா பண்ற? ஆளுக இருக்காக, என்ன சொல்லுவாக?"

"சொல்லட்டும்மா. என்ன வேணும் உனக்கு, சீரியலா?"

திரையில் இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது. அம்மா கொஞ்ச நேரம் அந்த ஓட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்ப் பக்கமிருந்த உடம்பை மெல்ல இந்தப் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள்.

"இதுல நம்ம ஆளுக யாருய்யா?"

வாசலில் சித்தப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. "நீலச் சட்டைம்மா" என்று சொல்லிவிட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.