கார் கொட்டகைப் படம்

கம்ப்யூட்டர் பிறந்த கதையைச் சொல்லும் புத்தகங்களும் படங்களும் என் அலமாரி நிறைய இருக்கின்றன. புத்தகமெல்லாம் இங்கிலீஷ், நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இருந்தாலும் உள்ளே இருக்கும் போட்டோக்களைப் பார்த்தே யார் யாரை முந்தினான் என்று சொல்லிவிடுவேன். படத்தை மட்டும் உட்கார்ந்து முழுசாகப் பார்த்ததில்லை. பாதியில் எழுந்து கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்பேன். அந்தக் கதையை நாகூரில் முதன்முதலில் தமிழில் சொன்னவன் நான். இன்னொருவன் சொல்ல, நான் சும்மா இருந்து கேட்பதாவது.

துபாயில் ஒரு கம்பெனிக்கு டிரைவராக இருந்தேன். அங்கே ஆபீசில் போட்ட வீடியோ படம் ஒன்றைக் காப்பி எடுத்துக்கொண்டு லீவில் ஊர் வந்தேன். கார் நிறுத்தும் கொட்டகையில் இரண்டு பையன்கள் கம்ப்யூட்டர் செய்து உலகத்தையே வளைத்துப் போட்ட கதை. கொட்டகையில் அவர்களால் முடிந்தது சந்தில் என்னால் முடியாதா? தர்காவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வீட்டின் முன்கட்டைப் பிடித்து, கம்ப்யூட்டர்களை இறக்கி, 'கம்ப்யூட்டர் வகுப்பு' என்று பலகையும் மாட்டிவிட்டேன். வகுப்பு நிறைந்தால் ஊரோடு இருக்கலாம். நிறையாவிட்டால் லீவு முடிவதற்குள் விமானம் ஏறியாக வேண்டும். தாமதித்தால் விசா செத்துவிடும்.

ஒருத்தனும் சேரவில்லை. ஊர்ப் பையன்களெல்லாம் பாஸ்போர்ட்டும் கையுமாக ஏஜென்ட் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"கம்ப்யூட்டருக்கு விசா வந்தா சொல்லுங்க நானா, அன்னைக்கே வந்து படிச்சுடறோம்" என்றான் ஒருவன். எங்கள் ஊரில் அண்ணனை நானா என்போம்.

வகுப்புக் கடையில் உட்கார்ந்தால் சந்து முனையைப் பார்க்கத் தோன்றும். முனைக்குப் போனால் கடைக்கு ஆள் வந்திருக்குமோ என்று திரும்பத் தோன்றும். கடைசியில் படத்தையே ஊருக்குப் போட்டுக் காட்டிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துக் கடையில் வைத்தேன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே ஒரு சேலையைத் திரையாகக் கட்டினோம். படத்தில் வெள்ளைக்காரர் பேசப் பேச, நான் டிவிக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். இங்கிலீஷ் தெரியாதது ஒரு குறையாகவே படவில்லை. அவர் வாயை மூடிய இடத்திலும் நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

"பாட்டு எப்ப வரும் நானா?"

"பாட்டெல்லாம் இல்ல. பேசாம பாரு."

"சண்டையாச்சும் உண்டா?"

"பங்காளிச் சண்டை உண்டு. பின்னாடி வரும்."

அதுவரை யார் இருந்தார்கள்? ஒவ்வொருவராக எழுந்து டீ குடிக்கப் போனார்கள். அந்த நேரம் பார்த்து, படத்தில் ஒரு பையனின் தாய் கொட்டகைக்குள் தட்டில் ஏதோ கொண்டுவந்து வைத்தாள். சேலைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. இரண்டு வீடு தள்ளி இருக்கும் லாத்தா; எல்லாருக்கும் மூத்த அக்கா மாதிரி. புருஷன் சவுதியில். பத்தாவது முடித்த தன் மகள்களை வீட்டோடு வைத்திருந்தவர்.

"யாரு தம்பி அந்தப் பொம்பள?"

"பையனோட உம்மா."

"அப்ப இது அவுங்க வீடா? ஆபீசு இல்லையா?"

"வீடுதான் லாத்தா. கார் நிக்கிற இடம்."

"வீட்ட விட்டு வெளிய போவாமயே இவ்ளோ பெரிய ஆளாயிட்டானுவளா?"

அதற்கு அடுத்த காட்சியில் அந்தப் பையன்கள் பெரிய கட்டடத்துக்குக் குடிபோவார்கள். நான் "ஆமா லாத்தா" என்று சொல்லி டெக்கை நிறுத்திவிட்டேன். எந்த இடத்தில் நிறுத்துவது என்பது காலேஜில் போய்ப் படித்து வருகிற விஷயமில்லை.

சேலைக்குப் பின்னால் குசுகுசுவென்று பேச்சு ஓடியது.

"வீட்டுக் கொல்லக்கட்டுல உக்காந்து பாக்குற வேல. இது நம்ம பொண்ணுவளுக்குத்தான் சரி" என்றார் லாத்தா. பிறகு என்னிடம், "அனுப்புறோம் தம்பி. ஆனா பொம்பள டீச்சரா வைங்க. ஆம்பள யாரும் உள்ள இருக்கக் கூடாது."

"கடை என்னோடதாச்சே லாத்தா."

"இருக்கட்டுமே. நீங்க வெளிய இருங்க."

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு டீச்சரம்மாவைப் பிடித்து வந்தேன். வகுப்பு நிறைந்து, இடம் இல்லையென்று திருப்பி அனுப்பும் நிலை வந்தது. துபாய் முதலாளியே வந்திருந்தாலும் வரிசையில்தான் நின்றிருப்பார். விசா செத்த அன்று நான் என் கடை வாசலில் இருந்தேன். உள்ளே தட்டுகிற சத்தம் திடீரென்று நிற்கும். கரண்ட் போனதா, கம்ப்யூட்டர் கெட்டதா, பிள்ளைகள் சிரிக்கிறார்களா, ஒன்றும் விளங்காது. கதவைத் திறக்கவும் முடியாது. சந்தில் மேலும் கீழுமாக நடந்தேன்.

டீ கொண்டுவந்த என் மனைவி நான் நடப்பதைப் பார்த்தாள்.

"விமானத்துல போயிருந்தாலாச்சும் உக்காந்திருப்பீங்க" என்று சொல்லி, டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து உள்ளே போனாள்.