தொட்டியின் அடியில் ஆறு பேர்

பல்செட்டுக்காரரின் வீட்டில் மொத்தம் மூன்று அறைகள். ஒன்றில் தூங்குவார், ஒன்றில் சாப்பிடுவார், மூன்றாவதைப் பூட்டி வைத்திருக்கிறார். பூட்டு எதற்கு என்று கேட்டால், "தூசி போகாம இருக்கத்தான்" என்பார். கதவைச் சாத்தினாலே தூசி போகாது. பூட்டியது தூசிக்காக அல்ல என்பது அவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். அது அவர் மனைவியின் தையல் மிஷின் இருக்கிற அறை.

மனைவி கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. மகளுக்குப் பிரசவம், விமானம் ஏறிப் போகவேண்டிய தூரம், ஆறு மாதம் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று போனார். குழந்தை பிறந்தது. குப்புற விழுந்தது, நடந்தது, பேசியது, பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். குழந்தையை யார் பார்ப்பது? இப்படியே அந்த ஆறு மாதம் நாலரை வருடமாகிவிட்டது. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. குற்றம் சொல்ல ஒருத்தராவது இருந்திருந்தால் மனிதருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவரும் ஒருமுறை போய் இருபது நாள் இருந்து பார்த்தார். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் காலையில் எழுந்ததும் கைக்கு வேலை இல்லை. கைக்கு வேலையில்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது. திரும்பி வந்துவிட்டார்.

அவருடைய வேலை, பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் பின்கட்டில் பல்செட்டு செய்வது. முன்னால் டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடை வார்ப்பார், மெழுகில் பல்லை நடுவார், பிறகு ஈறு நிற அக்ரிலிக்கில் வேகவைத்து எடுப்பார். முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனையோ பேரைச் சிரிக்கவும் கடிக்கவும் வைத்திருக்கிறார். அவர்களில் ஒருவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் தாடைகள்தான். தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முன்பல் ஆறையும் ஒரே மாதிரி வரிசையாக நட்டு வைக்கமாட்டார். ஒன்றைக் கொஞ்சம் திருப்புவார், ஒன்றைக் கொஞ்சம் தேய்ப்பார். "ஆறும் ஒரே மாதிரி இருந்தா அது பொய்ப்பல்னு ஊருக்கே தெரிஞ்சிடும் டாக்டர்" என்பார். டாக்டர் மறுத்துப் பேசியதில்லை.

கிளினிக்கின் வரவேற்பறையில் மூன்றடி நீளத்தில் ஒரு மீன்தொட்டி இருந்தது. அந்த இடத்தில் டிவி மாட்டவேண்டும் என்று டாக்டர் முடிவு செய்ததும், தொட்டி வேண்டாத பொருளாகிவிட்டது. பல்செட்டுக்காரர் அதை, அதில் நீந்திக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பொடி வெள்ளி மீன்களோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனார். மீன்மேல் அவருக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. விஷயம் வேறு.

தினமும் மாலை ஏழரைக்கு மகள் வீட்டிலிருந்து வீடியோவில் கூப்பிடுவார்கள். மனைவி, "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டுவிட்டுப் பேத்தியைப் பிடித்து முன்னால் நிறுத்துவார். பேத்தி "ஹாய் தாத்தா, பை தாத்தா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடிவிடும். நாற்பது நொடி. அவர் கணக்குப் பார்த்திருக்கிறார். நாலு வயதுக் குழந்தைக்குக் கண்ணாடியும் நரைமுடியுமாக ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க என்ன வந்தது? அவர் குழந்தையைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த நாற்பது நொடிக்காகத்தான் மீதி நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்.

தொட்டி வந்த அன்று போனைத் திருப்பி மீனைக் காட்டினார். பேத்தி மூன்று நிமிடம் நின்றாள். மூன்று முழு நிமிடம்! போகும்போது ஒரு கேள்வி கேட்டாள்.

"தாத்தா, எல்லாரும் மேலயே இருக்காங்க. கீழ யாரு இருக்கா?"

"கீழ யாரும் இல்லையேம்மா."

"ஏன் யாரும் இல்ல?"

மறுநாளே அலங்கார மீன் கடைக்குப் போனார்.

கடையை ஒரு கணவனும் மனைவியும் நடத்தினார்கள். மூளை அந்த அம்மா. வலை பிடிப்பது அவர் கணவர். கல்லாவில் யாரிடமோ தண்ணீர் பம்ப்பைப் பற்றி வழக்காடிக்கொண்டே அந்த அம்மா கேட்டார்: "அடியில ஓடுற மீனா? லோச் எடுங்க சார். அயிரை மீன் ஜாதிதான். அடிமண்ணைக் கிளறிக்கிட்டு ஜாலியா திரியும். ஆனா குறைஞ்சது ஆறு எடுக்கணும், சொல்லிட்டேன்."

பின்னால் வரிசையாகத் தொட்டிகள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டை போட்டது ஒன்று. பென்சில் கனத்தில் பாம்பு மாதிரி நெளிவது ஒன்று. வெள்ளியில் வலைப்பின்னல் போட்டது ஒன்று. நீளமூஞ்சி ஒன்று. கல்லோடு தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது ஒன்று. மெல்லிய வரிவரியாக வரிக்குதிரை லோச் ஒன்று. ஆறு என்று அந்த அம்மா சொன்னார். ஆறு ரகம் கண்முன்னால் இருந்தன. முப்பத்தெட்டு வருடப் பிடிவாதம் சும்மா இருக்குமா? ஆறும் ஒரே மாதிரி இருந்தால் பொய்யாகத் தெரியாதா? ரகத்துக்கு ஒன்றாக ஆறைக் காட்டினார். கணவர் மறுபேச்சில்லாமல் பிடித்து, ஆறு பைகளில் போட்டு, எல்லாவற்றையும் ஒரே செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

அதோடு விட்டாரா? ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு குழி என்பது தொழில் பாடம். மிச்சமிருந்த அக்ரிலிக்கில் ஆறு சின்னக் குகைகள் வார்த்தார். நோயாளிக்குக் கொடுப்பதுபோலவே நன்றாக வேகவைத்து, ஓரம் தேய்த்து, மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டுத் தொட்டியின் அடியில் வரிசையாக வைத்தார். ஈறு நிறத்தில் ஆறு வீடுகள். ஆளுக்கொரு வீடு.

ஆறும் உள்ளே போயின. அவ்வளவுதான். வெளியே வரவில்லை.

"மீன் எங்க தாத்தா?"

"வீட்டுக்குள்ள இருக்கும்மா. இப்போ வரும் பாரு."

முதல் நாள் பேத்தி காத்திருந்தாள். இரண்டாம் நாளும் காத்திருந்தாள். நாலாம் நாள், "தாத்தா பொய் சொல்றாங்க, அங்க யாருமே இல்ல" என்று தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடிப்போனாள். மறுபடியும் நாற்பது நொடிக்கு வந்து நின்றது. அதற்கடுத்த வாரம் அதுவும் இல்லை. "விளையாடிட்டு இருக்கா, நாளைக்குப் பேசச் சொல்றேன்" என்றார் மனைவி.

போனை வைத்துவிட்டு அவர் தொட்டியின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆறு குகை வாசலிலும் ஆறு மூக்கு நுனி தெரிந்தது. "உங்களுக்கு என்னடா குறை வெச்சேன்?" என்று வாய்விட்டே கேட்டார். போன் பேச்சை விட்டால், அன்று அந்த வீட்டில் கேட்ட மனிதக்குரல் அது ஒன்றுதான். அது தன்னுடைய குரல் என்பதில் அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் ஒப்பித்தார். அந்த அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஆறு எடுங்கன்னா, ஆறு ஊர்லேருந்து ஆளுக்கு ஒருத்தரைப் பிடிச்சுட்டு வந்து ஒரே வீட்ல அடைச்சிருக்கீங்களே சார்! ஒண்ணு பாஷை ஒண்ணுக்குத் தெரியாது. எப்படி வெளிய வரும்?" பிறகு கணவரைப் பார்த்து ஒரு பார்வை. "இவரும் வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தாரு?"

கணவர் வலையை அலசப் போய்விட்டார்.

"லோச் கூட்டத்து மீனு சார். தன் ஜாதில அஞ்சாறு பேரு பக்கத்துல இருந்தாத்தான் அதுக்குத் தைரியம். ஒத்தையா விட்டீங்கன்னா மூலையில ஒடுங்கிடும். தீனிகூட எடுக்காம காஞ்சு போயிடும். சாகுற வரைக்கும் உங்களுக்குத் தெரியாது, ஏன்னா அது ஒண்ணும் சத்தம் போடப்போறதில்ல."

அவர் தலையாட்டினார். அந்த அம்மா மீனைப் பற்றித்தான் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கொஞ்சநேரம் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரே ரகத்தில் ஆறாக்குவது என்று முடிவாயிற்று. எந்த ரகம்? பேத்திக்குப் பிடித்த நிறம் என்று அவர் ஆரஞ்சுக்காரனைக் காட்டினார்.

"அது இப்போ விரல் நீளம். ஒரு அடி வளரும். உங்க மூணடித் தொட்டியில அது திரும்பணும்னா ரிவர்ஸ்தான் எடுக்கணும். இருபது வருஷம் வேற இருக்கும்."

தன் வயது அறுபத்து மூன்றோடு இருபதைக் கூட்டிப் பார்த்துவிட்டு அவர் கையை இறக்கிக்கொண்டார்.

பாம்பு லோச் பகலெல்லாம் ஒளிந்து கிடக்கும், பேத்தி பார்க்கமுடியாது. நீளமூஞ்சி மண்ணுக்குள்ளேயே புதைந்திருக்கும். தட்டைக்கு ஓடுகிற குளிர்ந்த தண்ணீர் வேண்டும். வலைப்பின்னல்காரனுக்கு இன்னும் பெரிய தொட்டி வேண்டும். கடைசியில் மிஞ்சியது வரிக்குதிரை லோச். மூன்று, மூன்றரை அங்குலம்தான் வளரும். பகலிலும் வெளியே திரியும். மூன்றடித் தொட்டிக்கு அளவெடுத்த மாதிரி. ஏற்கெனவே ஒன்று வீட்டில் இருக்கிறது, இன்னும் ஐந்து.

"வயிறு ஒட்டிப் போனதா இருக்கக்கூடாது. வாய்கிட்ட மீசை முழுசா இருக்கணும். அப்புறம், கூட்டத்தோட கூட்டமா திரியறதா பாத்துக் காட்டுங்க" என்றார் அந்த அம்மா. வாயைப் பார்க்கச் சொன்னால் அவருக்குக் கேட்கவேண்டுமா? அரைமணி நேரம் குனிந்து ஒவ்வொன்றின் வாயாகப் பார்த்தார்.

"சார், மீனுக்கும் பல்லு கட்டப்போறீங்களா?"

அவர் சத்தமாகச் சிரித்தார், நாலு மாதத்தில் முதல்முறையாக.

வீட்டிலிருந்த மற்ற ஐந்தையும் பிடிப்பது பெரும்பாடாகிவிட்டது. லோச்சுக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு முள் உண்டு, வலையில் மாட்டிக்கொண்டால் காயமாகிவிடும் என்று அந்த அம்மா எச்சரித்திருந்தார். மாவு கலக்குகிற ரப்பர் கிண்ணத்தை எடுத்துவந்து, ஒவ்வொன்றாகக் கெஞ்சிக் கூத்தாடி அதற்குள் ஓட்டினார். பிறகு கடைக்கு ஒரு நடை. திரும்பி வந்து ஐந்து புதுசுகளையும் உள்ளே விட்டார். பழைய வரிக்குதிரை தன் குகை வாசலில் இருந்து பார்த்தது. அரைமணி நேரம் பார்த்தது. அப்புறம் வந்தது. அது முழு உடம்போடு வெளியே வந்து அவர் பார்த்தது அன்றுதான்.

பத்து நாள் கழித்து ஒரு மாலை, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது "டக்" என்று ஒரு சத்தம். பதறி எழுந்தார். கண்ணாடிதான் விரிசல் விட்டது என்று நாலு பக்கமும் தடவிப் பார்த்தார். ஈரமில்லை. மறுபடியும் "டக், டக்". கடைக்குப் போன் போட்டார்.

"அதுவா? சந்தோஷமா தீனி எடுக்குதுன்னு அர்த்தம் சார். அதுங்களுக்குத் தொண்டையில பல்லு இருக்கு. அதைத்தான் கடிச்சுச் சத்தம் குடுக்குது."

தொண்டையில் பல்! அவர் கையிலிருந்த சோறு காய்ந்துபோகிற வரைக்கும் தொட்டிப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று ஏழரைக்குப் பேத்தி இருபத்திரண்டு நிமிடம் நின்றாள். அவர் போனைத் தொட்டிக்கு முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார். இப்போதெல்லாம் அவர் தன் முகத்தைக் காட்டுவதே இல்லை. அதனால் சவரமும் வாரத்துக்கு ஒருமுறைதான். கை வலித்தது. இறக்கவில்லை. திரையில் குழந்தையின் முகம் அவருக்கு நன்றாகத் தெரிந்தது, அது போதும்.

"தாத்தா, எல்லா மீனும் ஒரே வீட்டுக்குள்ள போகுது! மத்த வீடெல்லாம் காலியா இருக்கு!"

உண்மைதான். ஆறும் முட்டிமோதிக்கொண்டு ஒரே குகைக்குள் அடைந்திருந்தன. அவர் பார்த்துப் பார்த்து வார்த்த மற்ற ஐந்தும் சும்மா கிடந்தன.

"அதுங்களுக்கு ஒண்ணா இருந்தாத்தான் பிடிக்கும்மா. ஒத்தையா இருந்தா ஒளிஞ்சுக்கும். வெளிய வரவே வராது."

பேத்தி விரலை மடக்கினாள். "அம்மா, அப்பா, பாட்டி, நான். எங்க வீட்ல நாலு. உங்க வீட்ல எத்தன தாத்தா?"

"எங்க வீட்லயா? ஒண்ணுதாம்மா."

குழந்தை கொஞ்சம் யோசித்தாள். "அதான் நீ ஒளிஞ்சுக்கிட்டியா?"

திரையில் குழந்தைக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. பல்செட்டுக்காரர் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார்.

"தாத்தா, நீ எங்க? வெளிய வா."

"இரும்மா... கேமராவைத் திருப்பற பட்டன் எங்க இருக்குன்னு தெரியல."

பட்டன் எங்கே இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மனைவி முன்னால் வந்து குழந்தையை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். "ஒண்ணும் அவசரமில்லங்க" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை. "மெதுவா தேடுங்க. நாங்க இங்கயே இருக்கோம்."

பல்செட்டுக்காரர் தன் தோளிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, சவரம் செய்யாத முகத்தோடு, பட்டனைத் தொட்டார்.