கழுதைக் குழிகளை மூடிய கோடை

குப்பத்து அடிபம்பில் தண்ணீர் கரிக்கத் தொடங்கிய கோடை அது. எண்பதுகளின் தொடக்கம். பட்டினம் பக்கம் குடிநீர் வேலையில் நான் மஸ்டர் ரோலில் பேர் உள்ள தினக்கூலி ஆள்.

ஓவர்சியர் கூப்பிட்டார். "ஆத்து மணல்ல நல்ல தண்ணி எங்க இருக்குன்னு பத்து நாளுக்குள்ள காட்டணும். இல்லேன்னா அடுத்த மாசம் ஒன் பேரு ரோல்ல இருக்காது."

கூடவே இன்னொரு வேலையும் தந்தார். சலவைக்காரர்கள் சைக்கிளுக்கு மாறியபோது அவிழ்த்துவிட்ட கழுதைகள் பெருகி, காய்ந்த ஆற்றில் கூட்டமாகத் திரிந்தன. முன்னங்காலால் மணலைப் பறித்து முழங்கை ஆழத்துக்குக் குழி போட்டிருந்தன. "மாடு கன்னு கால ஒடிச்சுக்கும், மூடிடு" என்றார்.

தினமும் காலையில் குழிகளை மூடுவேன். அடியில் ஈரம் தெரிந்தால் கழுதை மூத்திரம் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு மாரியம்மனை வேண்டி, சூடம் ஏற்றி, வரைபடத்தில் ஓவர்சியர் புள்ளி வைத்த இடத்தில் தோண்டுவேன். எட்டு நாள், எட்டு இடம், எட்டும் உப்பு. கழுதைக் குழிகளோ மறுநாள் அதே இடத்தில் திறந்து கிடக்கும். அவற்றுக்கு என்மேல் ஏதோ பகை என்றே நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் வெயிலில் தலை சுற்றியது. மீன் விற்கும் செல்லம்மா அக்கா வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தேன். இளநீர் மாதிரி இருந்தது.

"அம்மன் கண்ணத் தொறந்துட்டாக்கா! எங்க எடுத்தீங்க?"

"சொன்னா கோச்சிக்கக் கூடாது தம்பி. கழுதை தோண்டுன குழியிலதான். அதுங்க குடிச்சிட்டுப் போனப்புறம் ஊறுறத மொண்டுக்கிறோம். நீங்க வந்து மூடுறதுக்குள்ள ஓடணும். குப்பமே உங்கள ஏசுது."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா?"

"சூடம் காட்டிக்கிட்டு நின்னீங்க. சாமி கும்புடுறவர எப்புடிக் கூப்புடுறது?"

மறுநாள் நடந்ததைச் சொல்லி, கழுதைக் குழித் தண்ணீரைக் கொடுத்தேன். ஓவர்சியர் குடித்துப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "எடம் காட்டுனது யாருன்னு ரிப்போர்ட்ல எழுதணுமேய்யா?"

"உள்ளூர் விசாரணைன்னு எழுதுங்க சார்."

எழுதினார். அங்கே கிணறு இறங்கியது, வேலி வந்தது, என் பேரும் ரோலில் நின்றது.

வேலிக்கு வெளியே கழுதைகள் வந்து நின்றது மனதை உறுத்தியது. ஒரு தொட்டி கேட்டேன். "கழுதைக்கு எஸ்டிமேட் போடச் சொல்றியா?" என்றார் ஓவர்சியர். சரியென்று நானே மண்வெட்டியால் ஒரு குழி வெட்டிவிட்டு ஒதுங்கினேன். கழுதைகள் வந்தன, மோந்து பார்த்தன, பத்தடி தள்ளிப் போய்த் தங்கள் குழியைத் தாங்களே தோண்டிக்கொண்டன. என் குழித் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் சூடம் ஏற்றட்டும், தப்பில்லை. ஏற்றிவிட்டுச் சுற்றியும் பார்க்கட்டும். அம்மன் எட்டு நாளும் இடத்தைக் காட்டிக்கொண்டுதான் இருந்தாள். நான்தான் மண்ணைப் போட்டு மூடிக்கொண்டிருந்தேன்.