முகத்துவாரத் தோப்பில் ஒரு விருந்து

முத்தம்மாள் பழவேற்காட்டு ஏரியில் கையால் தடவி நண்டு பிடிக்கிறவள். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றுக்குள் விரலை ஓட்டி, கொடுக்குக்குச் சிக்காமல் நண்டை முதுகோடு அமுக்கித் தூக்குவாள். கழுத்தில் தொங்கும் ஓலைக்கூடையில் போட்டுக்கொண்டு அடுத்ததைத் தேடுவாள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு அந்த ஏரிதான் அவளுக்குச் சோறு போட்டது.

உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கோட்டை கட்டி இருந்த காலம் அது. துணி ஏற்றக் கப்பல்கள் வந்து நிற்கும் பெரிய பட்டணம் பழவேற்காடு. மாதக்கணக்கில் உப்புக்கண்டமும் காய்ந்த ரொட்டியும் தின்றுவிட்டுக் கரையிறங்குகிற மாலுமிகளுக்கு மரநிழலில் உட்கார்ந்து சூடாக ஒரு வேளை சாப்பிடவேண்டும். கோட்டைக்குள்ளே ஒரே புழுக்கம். வியாபாரிகளின் தோட்டங்களிலோ பெரிய துரைகளுக்குத்தான் விருந்து. மற்றவர்களுக்கு நல்ல தோப்பாகப் பார்த்துக் கொடுப்பதே நாகப்பனின் தொழில். எங்கே கடற்காற்று தடையில்லாமல் வரும், எந்தக் கிணற்றுத் தண்ணீர் இனிக்கும், யார் கைக்குழம்பு ருசிக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. முத்தம்மாளின் நண்டுச்சாற்றை ஒருநாள் ருசி பார்த்தவன், அதன் பிறகு எந்தத் தோப்பில் விருந்து என்றாலும் அவளையே கூப்பிட்டான். மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட அந்தச் சாற்றை மாலுமிகள் மூக்கைச் சிந்திக்கொண்டே குடிப்பார்கள். அவளுக்கு அது சிரிப்பாக இருக்கும்.

பிறகு மழை பொய்த்தது. திருப்பாலைவனம் பக்கத்து நெல்வயல்கள் வெடித்துக் கிடந்தன. அங்கிருந்த குடும்பங்கள் கஞ்சிக்கு அலைந்து பட்டணத்துக்கு வந்தன. வந்தவர்களில் சிலர் திடீரென்று காணாமல் போனார்கள். கப்பலில் ஏற்றிக் கடலுக்கு அப்பால் விற்றுவிடுகிறார்கள் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். கேட்டவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்களே தவிர, வேறொன்றும் செய்யவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாகப்பன் வந்தான்.

"முகத்துவாரத்தாண்ட ஒரு தோப்பு பாத்து வச்சிக்கிறேன். கப்பல்காரங்க நெறைய பேரு வர்றாங்க. நீதான் சமைக்கணும். பரிமாற பொம்பளைங்க வேணும். பஞ்சத்துல வந்ததுங்கள கூட்டியா. வயிறாரச் சோறுன்னு சொல்லு."

முத்தம்மாள் சந்தோஷமாகப் போய்ச் சொன்னாள். ஏழெட்டுப் பெண்கள் உடனே கிளம்பினார்கள். அவர்களில் வேலம்மாவும் அவள் தங்கை அம்மணியும் இருந்தார்கள். இருவரும் நெல்வயலில் வளர்ந்தவர்கள். ஏரியைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி.

மதிய வெயிலில் மணல்மேட்டில் நடந்து தோப்புக்குப் போனார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி. தோப்பில் ஒரு கிணறுகூட இல்லை. அடுப்பு மூட்டின அடையாளமும் இல்லை. ஒரு அண்டா நிறையச் சோறு மட்டும் ஏற்கெனவே வடித்து வைத்திருந்தது. விருந்தாளிகளையும் காணோம். கடற்கரையில் ஒரு படகு. அதன் பக்கத்தில் நாகப்பனும், தடியோடு நாலு ஆட்களும்.

முத்தம்மாள் அண்டாவைப் பார்த்தாள். சமைக்கக் கூப்பிட்டவன் எதற்குச் சோற்றை வடித்து வைக்கவேண்டும்? படகுக்குள் எட்டிப் பார்த்தாள். வலை இல்லை. கயிறுதான் சுருள் சுருளாகக் கிடந்தது.

"மொதல்ல நீங்க துன்னுங்கமா" என்றான் நாகப்பன். அவன் அப்படி இனிமையாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

பெண்கள் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். முத்தம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஓடினால் மணலில் துரத்திப் பிடித்துவிடுவார்கள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி ஏரிதான்.

"நண்டு இல்லாம இன்னா விருந்து?" என்று எப்படியோ குரலை வரவழைத்தாள். "இந்தப் பக்கம் சேத்துல நல்லா கெடைக்கும். இதுங்களயும் கூட்டினு போறேன், சீக்கிரம் புடிச்சிடலாம்."

நாகப்பன் படகைப் பார்த்தான். பிறகு ஏரியைப் பார்த்தான். பட்டிக்காட்டுப் பெண்கள் தண்ணீரில் எங்கே போய்விடப் போகிறார்கள் என்று நினைத்தானோ என்னவோ, "சீக்கிரம் வா" என்றான்.

முத்தம்மாள் ஒவ்வொருத்தியாகத் தோளைத் தொட்டு எழுப்பினாள். காதோடு சொன்னாள்: "இது விருந்து இல்லமே. ஆளப் புடிக்கிற எடம். எங்கூட வா, வாயத் தொறக்காத."

வேலம்மா மட்டும் எழவில்லை. இரண்டு கையாலும் சோற்றை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, வாயேன்" என்று அம்மணி கெஞ்சினாள்.

"இரு, இந்தச் சோத்த துன்னுட்டு வரேன்" என்றாள் வேலம்மா. அவள் கண் அண்டாவை விட்டு நகரவே இல்லை.

தடிக்காரன் ஒருவன் இந்தப் பக்கம் திரும்பினான். முத்தம்மாள் அம்மணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏறியது. ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். சேறு காலை உள்ளே இழுத்தது. ஒருத்தி சத்தமில்லாமல் அழுதாள். இன்னொருத்தி சாமி பெயரை முணுமுணுத்தாள். முத்தம்மாள் குனிந்து நண்டு தேடுவதுபோல் கையைத் துழாவிக்கொண்டே காலால் தண்ணீருக்கடியில் இருந்த மேட்டைத் தேடி நடந்தாள். இடதுபக்கம் ஆள் முழுகும் பள்ளம் இருப்பது அவளுக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொன்னால் இவர்கள் பயத்திலேயே விழுந்துவிடுவார்கள்.

பின்னால் கூச்சல் கிளம்பியது. திரும்பிப் பார்த்தாள். இருவர் தண்ணீரில் இறங்கி ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவன் பள்ளத்தில் விழுந்து தத்தளிக்க, மற்றவன் அவனை இழுத்துக்கொண்டு கரைக்குத் திரும்பினான். படகு கடல் பக்கம் இருந்தது. அதை மணல்மேட்டைத் தாண்டி இழுத்துவர அவர்களால் முடியவில்லை.

வெயில் சாயும்போது எதிர்க்கரையின் நாணல் புதரில் ஏறி விழுந்தார்கள். அம்மணி தோப்பு இருந்த பக்கமே திரும்பி உட்கார்ந்தாள். "எங்க யக்கா சாப்ட்டு முடிச்சிருப்பா இல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். முத்தம்மாள் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மீனவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். அண்டாவைச் சுற்றி எறும்பு மொய்த்திருந்தது. படகும் இல்லை, வேலம்மாவும் இல்லை. அவளை ஏற்றிக்கொண்டது எந்தத் தேசத்துக் கப்பல், எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. நாகப்பனை அதற்கப்புறம் பட்டணத்தில் யாரும் பார்க்கவில்லை.

மற்ற பெண்கள் மழை வந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். அம்மணி போகவில்லை. முத்தம்மாளின் குடிசையிலேயே தங்கிவிட்டாள். எந்தக் கப்பல் வந்தாலும் இறங்குகிறவர்களிடம் அக்காவின் அடையாளத்தைச் சொல்லி விசாரிப்பாள். துறைப்பக்கம் போகவே முத்தம்மாளுக்குப் பயம். ஆனாலும் அம்மணியைத் தனியாக அனுப்ப மனம் வராமல், ஒவ்வொரு தடவையும் கூடவே போனாள்.