வெள்ளையன் வழக்கும் முப்பத்து நாலு பேரும்

1. ஆமாங்க சாமி

ரங்கூன் போலீஸ் கோர்ட்டில் நான் தமிழ்த் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளனாக, வேலைக்குச் சேர்ந்த அன்று, காலை டீ வருவதற்குள் பதினோரு தமிழர்கள் ஜெயிலுக்குப் போய்விட்டார்கள். எதற்காகப் போகிறோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில். எனக்கு இருபத்து மூன்று வயது. வாப்பாவுக்கு ரங்கூனிலேயே லான்மடாவில் கைலிக் கடை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் பர்மியம் என்று மூன்று பாஷையும் தானாக வந்திருந்தன. கடையில் உட்கார மட்டும் வரவில்லை. கோர்ட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஓடினேன்.

அதுவரை இந்தியர்கள் எல்லோருக்கும் ஒரே துபாஷிதான். இந்துஸ்தானி பேசும் வயதான முன்ஷி. நல்ல மனிதர். வெற்றிலை இல்லாமல் பேச மாட்டார். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. முதல் நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். கூண்டில் ஏறும் ஆளுக்கு முன்ஷி இந்துஸ்தானியில் குற்றச்சாட்டைச் சொல்லுவார். அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டு, "ஆமாங்க சாமி" என்பான். முன்ஷி மாஜிஸ்திரேட் துரையைப் பார்த்து, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறான்" என்பார். இரண்டு மாதம், மூன்று மாதம். அடுத்த ஆள்.

டீ நேரத்தில் தயங்கித் தயங்கி இங்கிலீஷில் சொன்னேன். "முன்ஷி சாகிப், எங்க ஆளுங்க 'ஆமாங்க'ன்னு சொல்றது ஒத்துக்கிட்டேன்னு இல்லீங்க. நீங்க பேசறது காதுல விழுதுன்னு அர்த்தம்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "அப்படியா? பன்னிரண்டு வருஷமா நான் வேற மாதிரி நினைச்சுக்கிட்டிருந்தேனே" என்றார். அதற்குப் பிறகு டீயைத் தொடவில்லை. அன்று மத்தியானமே எல்லாத் தமிழ் வழக்கையும் என்னிடம் தள்ளிவிட்டார்.

அதே நாள் ஒரு வெள்ளைக்கார மில் உத்தியோகஸ்தரும் வந்திருந்தார். ரிக்ஷாக்காரர் ஒருவரின் பல்லை உடைத்த வழக்கு. அவருக்கு நாற்காலி போட்டார்கள். இனிமேல் கவனமாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பெஞ்சு கிளார்க் கோ தான் மவுங் என் காதருகில் குனிந்தார். "எங்க பர்மாக்காரன் அடிச்சா ரெண்டு வருஷம், உங்க ஆளு அடிச்சா ஒரு வருஷம், நாற்காலியில உட்கார்ந்தவர் அடிச்சா அது மனஸ்தாபம். செக்ஷன் எல்லாம் படிச்சு மண்டையைக் குழப்பிக்காதீங்க, முதல்ல நாற்காலியைப் பாருங்க" என்றார். அவர் முகத்தில் சிரிப்பே இருக்காது. அதனால்தான் எனக்குச் சிரிப்பு வரும்.

2. பாதித் தலை

நான் சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரே வழக்கில் முப்பத்து நாலு பேரைக் கொண்டுவந்தார்கள். கூண்டு கொள்ளாமல் சுவர் ஓரமாக வரிசையில் நிறுத்தினார்கள். எல்லோரும் துறைமுக ஜெட்டியில் அரிசி மூட்டை சுமக்கும் தமிழர்கள். கலகம் செய்தார்கள் என்று குற்றச்சாட்டு. ஒரு கப்பலின் இரண்டாவது ஆபீசரைச் சூழ்ந்துகொண்டு அடித்தார்களாம். அன்று ஜெட்டியில் கோவணத்தோடு நின்ற அத்தனை பேரையும் போலீஸ் அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. லாக்கப்பில் மூன்று வாரம் ஆகியிருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆபீசரிடம் அடித்தவர்களை அடையாளம் காட்டச் சொன்னார்கள். அவர் வரிசையை ஒரு முறை பார்த்துவிட்டு, "எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள். ஆகவே எல்லாரும்தான்" என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். வரிசையில் சிலர் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

வரிசையின் கடைசியில் நின்ற மாரிமுத்து என்பவர், "ராவுத்தரே, நான் ஒண்ணு சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்தார். தலையில் ஒரு பக்கம் நல்ல முடி, மறு பக்கம் மூன்று வாரத்து முள்.

"சாமி, நான் அம்பட்டர்கிட்டே தலையைக் குடுத்துட்டு உட்கார்ந்திருந்தேன். பாதி செரைச்சாரு. போலீசு வந்து ரெண்டு பேரையும் புடிச்சிருச்சு. அந்தா, பக்கத்துல நிக்கிறாரே, அவர்தான் அம்பட்டரு. லாக்கப்புல மிச்சத்தைச் செரைச்சு விடுய்யான்னா, கத்தியைப் பறிச்சுக்கிட்டாங்கன்றாரு. கலகம் பண்றவன் பாதித் தலையோட வருவானா சாமி?"

மாஜிஸ்திரேட் துரை பேனாவை வைத்துவிட்டு அந்தத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இரண்டு பேரையும் விடுதலை செய்கிறேன். முதலில் அந்த வேலையை முடிக்கட்டும்" என்றார். முன்ஷி சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையில் வழிந்தது.

மிச்சம் முப்பத்திரண்டு பேர். இன்ஸ்பெக்டர் எழுந்து முக்கியமான சாட்சியைக் கூப்பிட்டார். ஜெட்டியில் கஞ்சி விற்கும் அஞ்சலை. ஆற்றுக்கு அக்கரையில் டாலாவிலிருந்து சம்பான் படகில் வந்துபோகும் அம்மாள். ஸ்டேஷனில் அவர் கொடுத்த வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டர் வாசித்தார். "வெள்ளையன்தான் முதலில் அடித்தான் என்று சாட்சி சொல்லியிருக்கிறார். ஏழாவது எதிரியின் பெயர் வெள்ளையன்."

ஏழாவது எதிரியைப் பார்த்தேன். ஜெட்டியிலேயே அவரை விடக் கறுத்தவர் இருந்திருக்க முடியாது. மெலிந்த, வெட்கப்படுகிற ஆள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வாக்குமூலத்தை எழுதிய ஸ்டேஷன் ரைட்டருக்குத் தமிழ் தெரியாது. பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

அஞ்சலை கூண்டில் ஏறி அதையே மறுபடி சொன்னார். "வெள்ளையன்தான் முதல்ல அடிச்சான். கஞ்சிப் பானையை எட்டி உதைச்சான். ஏன்டான்னு கேட்ட மூட்டை தூக்குற சின்னப்பனைக் கம்பால அடிச்சான். அப்புறந்தான் எல்லாரும் சத்தம் போட்டாங்க."

என் வேலை சொன்னதைச் சொல்வது மட்டும்தான். சாட்சியிடம் நானாக ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. கேட்டால் வேலை போகும். ஆனால் இதை எப்படிச் சொல்வது? பெயராகச் சொன்னால் ஏழாம் எதிரிக்கு ஆறு மாதம், மற்றவர்களுக்கு மூன்று.

"துரை அவர்களே, 'வெள்ளையன்' என்ற வார்த்தையை என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை" என்றேன்.

"ஏன்?"

"இது ஒரு ஆளின் பெயராகவும் இருக்கலாம். ஐரோப்பியர் என்ற அர்த்தமும் உண்டு. சாட்சி எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் பாய்ந்து எழுந்தார். துபாஷி வக்கீல் வேலை பார்க்கிறார் என்றார். கோ தான் மவுங் தன் நோட்டைப் புரட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "சாட்சி கையைக் காட்டினால் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை" என்றார். துரை தலையாட்டினார்.

"அம்மா, அடிச்சவர் இந்தக் கோர்ட்டுல இருக்காரா? இருந்தா கையைக் காட்டச் சொல்றாங்க" என்றேன்.

அஞ்சலை சுவர் ஓரத்து வரிசையைப் பார்க்கவே இல்லை. "இந்தா நாற்காலியில குந்திக்கிட்டிருக்காரே, இவருதான். பாய், நீங்க நம்ம வெள்ளையனையா நெனச்சீங்க? அட பாவமே. அது கொசுவை அடிக்கக்கூட நாலு பேர்கிட்ட ரோசனை கேக்கும்" என்றார்.

ஒரு எழுத்து விடாமல் மொழிபெயர்த்தேன், கொசு உட்பட. ஏழாம் எதிரி தலையைக் குனிந்துகொண்டார். துரை வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். ஆபீசருடைய காது சிவந்துபோயிருந்தது. அரை மணி நேரத்தில் முப்பத்திரண்டு பேரும் விடுதலை.

வெளியே படிக்கட்டில் வெள்ளையன் என்னிடம் வந்தார். "பாய், அடிச்சவருக்கு எத்தனை மாசம்?"

"ஒண்ணுமில்லை. கப்பல் நாளைக்குக் கிளம்புது."

விரல் விட்டு எண்ணினார். "எங்களுக்கு மூணு வாரம் போச்சே" என்றார். அதற்குள் அஞ்சலை, "வா போவலாம், கஞ்சி ஆறுது" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே மற்ற முப்பத்தோரு பேரும் கூச்சலும் சிரிப்புமாகப் போனார்கள்.

மறுநாள் காலையில் முன்ஷி ஒரு சிலேட்டை என் மேஜையில் வைத்தார். அறுபது வயதில் 'அ' போட்டார். கோணலாக இருந்தது. ஆனால் போட்டார்.

3. ஜெயில் விசாரிப்பு

அந்த வழக்குக்குப் பிறகு துரைக்கு மனசு சரியில்லை என்று நினைக்கிறேன். மாதா மாதம் ஜெயிலைப் பார்வையிடப் போகும்போது என்னையும் அழைத்துப் போனார். முற்றத்தில் தமிழ்க் கைதிகள் வரிசை வரிசையாகக் குந்தியிருந்தார்கள். இவ்வளவு பேரை நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டேன். "எதுக்காக உள்ளே வந்தீங்க?"

"தெரியலீங்க." "கேட்டாங்க, ஆமாங்கன்னேன்." "கும்பலா இழுத்துக்கிட்டு வந்தாங்க."

சின்னசாமி என்று ஒருவர். பொய்ப் பெயர் கொடுத்த குற்றம். முதல் தடவை சின்னசாமி என்றும் இரண்டாம் தடவை ராமசாமி மகன் சின்னசாமி என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டு பெயர் என்று எழுதிக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போது அவரே சிரித்தார். "நல்லவேளை, தாத்தா பேரையும் சேத்துச் சொல்லலை" என்றார்.

நானும் கோ தான் மவுங்கும் ஆறு வாரம் உட்கார்ந்து பழைய பதிவுகளைப் புரட்டினோம். பர்மியர் வழக்குகளையும் அவர் சேர்த்துக்கொண்டார். அங்கேயும் இதே கதைதான். புரியாமல் 'ஆமாங்க' சொல்லி உள்ளே போனவர்களின் பட்டியலைத் துரை மேலே அனுப்பினார். பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வரவில்லை. பதினாலு பேருக்கு மட்டும் விடுதலை உத்தரவு வந்தது.

துபாஷி வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். வார்த்தை தெரியாவிட்டால் தெரியவில்லை என்று உரக்கச் சொல்லுங்கள். தெரிந்த மாதிரி தலையாட்டினால் உங்கள் சம்பளம் குறையாது. கூண்டில் நிற்பவனுக்குத்தான் வருஷம் போகும்.

அந்தப் பதினாலு பேரும் விடுதலையான மறுநாள் கோர்ட்டுக்கு வந்தார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னார்கள். சின்னசாமி மட்டும் போகாமல் நின்றார்.

"பாய், ஒரு காயிதம் எழுதிக் குடுங்க. ஊருக்குப் போனா, எதுக்கு ஜெயிலுக்குப் போனேன்னு வீட்டுல கேப்பா. கோர்ட்டு என்ன சொல்லிச்சுன்னு அதுல எழுதிடுங்க."

கோர்ட்டு ஒன்றும் சொல்லவில்லை. உத்தரவில் விடுதலை என்ற ஒரு வார்த்தைதான் இருந்தது. அதை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கலாம். முப்பத்தோரு வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்து மற்றவர்கள் சொன்னதைத்தான் எழுதினேன். அன்று ஒரு வரி மட்டும் நானாக எழுதினேன். 'இவர் தப்பு எதுவும் செய்யவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டேன். பக்கத்து மேஜையிலிருந்து முன்ஷி எழுந்து வந்து, எழுத்துக் கூட்டி அந்த வரியை வாசித்தார். பிறகு பேனாவை வாங்கி, என் பெயருக்குக் கீழே தமிழில் தன் பெயரையும் எழுதினார்.